நாலு ஏக்கர் தோப்புக்கு ஒரு குட்டி டிராக்டர்: மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. டிராக்டர் பெயரைச் சொன்னதும் நம் ஆட்கள் கட்சி பிரிந்து நின்றுவிடுவார்கள், அப்புறம் வண்டியைப் பற்றிப் பேசவே முடியாது. அதுபோக நான் சொல்ல வருவது இந்த ரகத்துக்கே பொருந்தும். 24 குதிரைத்திறன், நாலு சக்கரமும் இழுக்கும், தென்னைக்கு நடுவே ஊடுபயிர் வைத்தவர்கள் தேடி அலைகிற குட்டி வண்டி. கடை கடையாக ஏறி இறங்கினால் மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 என்று இரண்டு மூன்று பெயர்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும். அந்த இரண்டுமே 24 குதிரைத்திறன், இரண்டுமே 750 கிலோ தூக்கும், ஒன்றுக்கு 2 சிலிண்டர் மற்றதற்கு 3. தாளில் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நம் இடம் ஆனைமலைப் பக்கம், நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. நான் இருப்பது கோவையில், சனி ஞாயிறு மட்டும்தான் தோப்பு. தென்னை 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 மரம் என்கிற வழக்கமான கணக்கு. நடுவே ஜாதிக்காயும் ஒரு பக்கம் வாழையும். இந்தக் கணக்கில் வெறும் தென்னை மட்டும் இருந்தால் 45, 50 குதிரைத்திறன் வண்டியே தாராளமாக உள்ளே வந்து திரும்பும். ஜாதிக்காய் வளர்ந்து கிளை தாழ்ந்த பிறகுதான் கதை மாறும். பெரிய வண்டி உள்ளே வந்துபோனால் கிளை ஒடிந்து கிடக்கும், சொட்டுநீர்க் குழாய் ரோட்டவேட்டரில் (சுழலும் கத்தியால் மண்ணைப் பொடி செய்யும் கருவி) சுற்றிக்கொண்டு வெளியே வரும், ஓட்டுகிறவரைக் கேட்டால் "இதுக்குள்ள இப்படித்தானுங்க ஓட்ட முடியும்" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆனாலும் வண்டி வாங்கியதற்கு முதல் காரணம் அது இல்லை. பதம். மழை பெய்து விட்ட பிறகு, மண்ணை அள்ளி உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். எங்கள் செம்மண்ணில் அந்தப் பதம் இரண்டு நாள் இருந்தால் அதிகம், ஆடிக் காற்று அடிக்கிற நாளில் அதுவும் கிடையாது. அந்த இரண்டு நாளில்தான் ஊரில் எல்லோருக்கும் உழவு வேண்டும், எல்லோரும் கூப்பிடுவது ஒரே ஆளை. அவர் முதலில் பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் போவாரா, நாலு ஏக்கர்காரனிடம் வருவாரா? நம் முறை வரும்போது மண் இறுகி, ரோட்டவேட்டர் மேலே குதித்துக்கொண்டு போகும், கட்டி கட்டியாகப் பெயரும். வேளாண் பொறியியல் துறையிலும் டிராக்டர் வாடகைக்கு உண்டு, அரசின் உழவன் செயலியிலேயே பதியலாம், முன்கூட்டித் திட்டமிடுகிறவர்களுக்கு அது நல்ல வழி. வானத்தைப் பார்த்துவிட்டு நாளைக் காலையிலேயே வேண்டும் என்று நிற்பவனுக்கு எந்த வாடகை வண்டியும் ஒத்துவராது. சொந்த வண்டி வந்தபின் இந்த ஒரு விஷயத்தில் நிம்மதி. வாரநாளில் மழை பெய்தால் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் போட்டு "பதம் வந்துருச்சுங், எடுக்கட்டுமா?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

சரி, வண்டிக்கு வருவோம்.

கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு டிராக்டர் சுலபம் என்று நினைப்பவர்கள் வலது காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். பிரேக் பெடல் இரண்டு, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் அந்தப் பக்கப் பின்சக்கரம் நின்று வண்டி அப்படியே சுழன்று திரும்பும், தோப்பு முனையில் இது பெரிய வரம். ஆனால் தார்ச்சாலையில் ஏறும் முன் இரண்டையும் சேர்க்கும் கொக்கியைக் கட்டாயம் போட்டுவிட வேண்டும். வேகமாகப் போகும்போது ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கடையில் டெலிவரி கொடுத்த பையன் பூஜை போட்டு, எலுமிச்சை ஏற்றி, போட்டோ எல்லாம் எடுத்தான், இந்தக் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தது நம் அண்ணன்தான்.

அப்புறம் கியர். காரில் போகிற போக்கில் மாற்றிக்கொண்டே போவது போல இதில் நடக்காது. ஹை, லோ என்று ஒரு லீவர், கியருக்கு ஒரு லீவர், நாலு சக்கரத்துக்கு ஒன்று, பிடிஓவுக்கு (இன்ஜின் சுற்றைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) ஒன்று, கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்குக்கு இரண்டு, கையால் வைக்கும் ஆக்ஸிலேட்டர் வேறு. என்ன வேலையோ அதற்கான கியரை நின்றபடியே போட்டுவிட்டு, கை ஆக்ஸிலேட்டரைத் தேவையான இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு வரிசை முடியும் வரை எதையும் தொடாமல் ஓட்டுவதுதான் இதன் முறை. காரோட்டிகளுக்கு உள்ள பழக்கம் கிளட்ச் மேலேயே காலை வைத்திருப்பது, முதல் நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் "ஏனுங் தம்பி, அந்தக் கால எடுத்துக் கீழ வையுங்க, இது காருங்களா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒரு வாரக்கடைசியில் கால் அடங்கிவிடும். லீவர்களைப் பார்க்காமல் கை போய்ச் சேர இன்னும் கொஞ்சம் நாளாகும்.

கடையில் பேசும்போது எல்லோரும் குதிரைத்திறனையும் தூக்கும் கிலோவையும்தான் சொல்வார்கள். தோப்பில் ஓட்டுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிகக் குறைந்த கியரில், பிடிஓ 540 சுற்று வரும் அளவுக்கு இன்ஜினை ஏற்றி வைத்தால், வண்டி எவ்வளவு மெதுவாக நகரும்? இதுதான் கேள்வி. ரோட்டவேட்டர் நன்றாகப் பொடி செய்வது கத்தி வேகமாகச் சுற்றி வண்டி மெதுவாக நகரும்போதுதான். வண்டி ஓட்டமாகப் போனால் மேல் மண்ணைக் கிளறிவிட்டுப் போய்விடும், பார்க்க உழுதது போல இருக்கும், குச்சியால் குத்திப் பார்த்தால் கீழே அப்படியே கெட்டி. என் வண்டியில் லோ முதல் கியர் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடவே ரிவர்ஸ் எந்த வேகத்தில் போகிறது என்றும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தோப்பில் பாதி நேரம் பின்னால்தான் போய்க்கொண்டிருப்போம்.

ரோட்டவேட்டர் மூன்றரை அடி அகலம் எடுத்தேன், நாலு அடி கொடுக்கிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு பின்சக்கரத் தடத்தையும் மூடினால் போதும், அதற்கு மேல் அகலம் இந்த இன்ஜினுக்குப் பாரம்தான். இந்த வண்டியின் உண்மையான சோதனை சணப்பு மடக்கும்போது வந்தது. பசுந்தாள் உரத்துக்காக வரிசைக்கு நடுவே சணப்பு விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில், 45 நாள் வாக்கில், மண்ணோடு மடக்கி உழுவோம். இளசாக இருந்தால் வெண்ணெய் மாதிரிப் போகும். மழையால் ஒரு வாரம் தள்ளிப்போன மூலையில் தண்டு நார் ஏறிவிட்டிருந்தது, நார் முழுக்க ரோட்டவேட்டர் தண்டில் இறுக்கிச் சுற்றி, கத்தியே வெளியே தெரியாமல் ஒரு உருளை ஆகிவிட்டது. சத்தம் மாறும், அதைக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, ரோட்டவேட்டருக்குக் கீழே கட்டை கொடுத்து, பிறகுதான் அரிவாளோடு உட்கார வேண்டும். சில மாடல்களில் பிடிஓ பின்புறமாகவும் சுற்றும், சுற்றிய நார் பாதி தானாகவே தளர்ந்துவிடும். என் வண்டியில் அது இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அரிவாள் பிடித்த ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பிடிஓ என்றதும் ஒன்று. 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டு முனையோ வேட்டி முனையோ மாட்டினால் கையை விடுவிக்க நேரம் கிடையாது. தண்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறை ஒன்று வரும், கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று நம் ஊரில் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார்கள். எங்கள் தோப்பில் உறை இல்லாமல் வண்டி நகராது, அண்ணனும் வண்டி எடுக்கும் நாளில் வேட்டியை விட்டுவிட்டு அரைக்கால் சட்டைக்கு மாறிவிட்டார்.

தனியாக நின்று ரோட்டவேட்டர் மாட்டுவது ஒரு கலை. கலப்பையைச் சமதளத்தில் கட்டை மேல் இறக்கி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது, சரிவில் போட்டுவைத்தால் இரண்டு ஆள் வேண்டும். நேராகப் பின்னால் வந்து, முதலில் வண்டியின் இடது தூக்குக் கையை மாட்டி ஊசி போட வேண்டும். வலது தூக்குக் கையில் உயரத்தைத் திருகி ஏற்றி இறக்க வசதி உண்டு, அதனால் அது இரண்டாவது. கடைசியாக மேல் இணைப்பு, அப்புறம் பிடிஓ தண்டு. கழற்றும்போது இதையே தலைகீழாக. மேல் இணைப்பைத் திருகி நீளம் வைப்பதில் ரோட்டவேட்டரின் முன்பின் சாய்வும் பின்தகட்டின் நிற்பும் இருக்கிறது, இடவல மட்டம் வலது தூக்குக் கையின் திருகில் இருக்கிறது, இது புரியும்வரை ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மேலோட்டமாகவும்தான் போகும். சீட்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும், கலப்பை எவ்வளவு வேகத்தில் கீழே இறங்க வேண்டும் என்று வைப்பதற்கு. அதை மெதுவில் வையுங்கள், இல்லையென்றால் ரோட்டவேட்டர் தொப்பென்று விழும், கல்லிருக்கும் மண்ணில் கத்தி என்னாவது?

வண்டி எடை குறைவு. இது நல்லதும்தான் கெட்டதும்தான். நல்லது, மண் அதிகம் இறுகாது. தென்னையின் வேர் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள்ளேயே மேலாகப் பரவியிருக்கும், உரம் வைப்பதும் அந்த வட்டப்பாத்திக்குள்தான், பாரவண்டி அங்கே ஏறி இறங்காமல் இருப்பதே புண்ணியம். வட்டப்பாத்திக்குள் நாங்கள் ரோட்டவேட்டர் விடுவதே இல்லை, அங்கே மட்டையும் மூடாக்கும்தான். கெட்டது என்னவென்றால், பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், அடிவயிறு ஒரு நிமிடம் கலங்கும். முன்னால் எடைக் கட்டைகள் போட்டே ஆக வேண்டும், கடைக்காரர் தனிக்காசு என்பார், பேரத்தில் சேர்த்து வாங்கிவிடுங்கள். பாட்டும் பம்பரும் கேட்காமலேயே மாட்டித் தருகிறார்கள், எடைக் கட்டைக்குக் கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

நாலு சக்கர இழுவையைத் தோப்புக்குள் மட்டும் போடுங்கள். தார் ரோட்டில் போட்டு ஓட்டினால் முன் டயர் தேய்ந்துபோகும், கியர்களுக்கும் சும்மா இறுக்கம். இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது, அதுவும் நேராகப் போகும்போது மட்டும். லாக்கை மிதித்துக்கொண்டே திருப்பப் பார்த்தால் வண்டி திரும்பாது. ஐப்பசி மழையில் கிணற்றுப் பக்கம் சேறான இடத்தில் பெரிய வண்டி ஒன்று முந்தைய வருடம் சிக்கி, இன்னொரு வண்டி வந்து இழுத்தது. இந்த முறை நம் குட்டி அதே இடத்தைச் சிரமமில்லாமல் தாண்டியது, அந்த ஒரு நாளுக்காகவே நாலு சக்கரத்துக்குக் கொடுத்த கூடுதல் காசு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறைகள். உட்காரும் இடம் சின்னது, நான் ஐந்தடி பத்து அங்குலம், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். கியர் பெட்டியின் சூடு தொடைக்கு நடுவே ஏறுகிறது, பங்குனி சித்திரையில் மதியம் ஓட்ட முடியாது. சத்தம் அதிகம், காதுக்குப் பஞ்சாவது வையுங்கள். கூரை ஒரு தனித் தலைவலி. தென்னந்தோப்பில் கூரை இல்லாமல் ஓட்டக் கூடாது, தேங்காய் எப்போது விழும் என்று அதற்கே தெரியாது, காய்ந்த மட்டைகூட மண்டையைப் பிளக்கும். ஆனால் கூரை போட்டால் ஜாதிக்காய்க் கிளைக்குள் நுழைய முடியாது. ஜாதிக்காய் வரிசையில் கூரையைக் கழற்றிவிட்டு, தேங்காய் வெட்டி முடித்த அடுத்த நாட்களில் மட்டும் அங்கே உழுவது என்று ஒரு வழி பண்ணியிருக்கிறோம், அது எனக்கே முழுத் திருப்தி இல்லை.

செய்ய முடியாத வேலைகளும் உண்டு. மட்டையைத் துகளாக்கும் பெரிய இயந்திரம் இந்த இன்ஜினுக்குத் தாங்காது, அதற்கு இன்னமும் வாடகை வண்டிதான். வெகுநாள் உழாமல் கிடந்த கெட்டி நிலத்தைச் சட்டிக் கலப்பை போட்டுப் பெயர்க்க வேண்டும் என்றாலும் அப்படியே. வருடத்துக்கு ஒருமுறை பெரிய வண்டியைக் கூப்பிட்டு ஆழ உழுதுவிட்டு, மீதி எல்லாவற்றையும் குட்டியில் பார்ப்பதுதான் சரியாக வருகிறது. பிடிஓவில் ஓடும் மருந்தடிக்கும் பம்பு மட்டும் எதிர்பார்க்காத லாபம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து ஓலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவது ஒரு தொடர் வேலையாகிவிட்டது, அதற்கு இந்த வண்டியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நீளமான குழாயும் போதும்.

டீசல் ரோட்டவேட்டர் வேலையில் மணிக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் குடிக்கிறது. இன்ஜினில் சென்சார் தொந்தரவு எதுவும் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து வந்த ட்ரெம் 4 புகை விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான், அதனால் இந்த அளவு வண்டிகளை ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துவிடுவார். அது நல்லதுதான், ஏனென்றால் கடைக்காரர் "சர்வீஸ் ஆள் தோப்புக்கே வருவார்" என்று சொன்னது 50 மணி நேர முதல் சர்வீஸோடு சரி, அதற்கப்புறம் போன் எடுக்கும் வேகமே குறைந்துவிட்டது. ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டுவது, கிரீஸ் அடிப்பது, ரேடியேட்டர் வலையில் ஒட்டும் தூசியை ஊதுவது, இதெல்லாம் நாமே செய்ய வேண்டியவை. உழும்போது பஞ்சு மாதிரிப் பறக்கும் புல் விதை அந்த வலையை அரை மணியில் அடைத்துவிடும், சூட்டு முள் ஏறுகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

காசு. வண்டி ஐந்தரையிலிருந்து ஆறு லட்சத்துக்குள், ரோட்டவேட்டர் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, பழைய விலைப்பட்டியலைக் காட்டிப் பேசினால் விடாதீர்கள். சிறு குறு விவசாயியாக இருந்தால் மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் முதலிலேயே விண்ணப்பித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள், வாங்கிவிட்டு ஓடக் கூடாது. எங்கள் பக்கம் வாடகை உழவு மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்தாலும், நாலு ஏக்கருக்கு வருடம் முழுக்க ஆகும் வாடகையைக் கூட்டினால் வண்டிக்குப் போட்ட பணத்தின் வட்டிகூட வராது. லாபக் கணக்கில் இதை வாங்கவே கூடாது. தோப்பு நெருக்கமாக இருக்கிறது, பதம் தவறிப்போய் எரிச்சலாகிறது, வாரநாளில் ஓட்ட நம்பிக்கையான ஆள் இருக்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தால் வாங்கலாம். மூன்றாவது இல்லையென்றால் யோசியுங்கள், சனிக்கிழமைக்காக மழை காத்திருக்காது.

லைசென்ஸ் பற்றிக் கேட்பார்கள். கார் ஓட்டும் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் போதும், வெறும் எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிராக்டர் அதிலேயே அடக்கம். மட்கார்டு மேல் ஆளை உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், குழந்தைகள் கேட்டு அழுதாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். டிரெய்லர் வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ். தேங்காய் 45 நாளைக்கு ஒரு வெட்டு, வாங்குகிற வியாபாரியே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்கிறார், மாட்டுச் சாணம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது, அதனால் டிரெய்லரை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.